எண்ணெய்ப் பணத்தில் ஓடிய நூலக வண்டிகள்: குல்பென்கியன் அறக்கட்டளை இயங்கும் விதம்

1950இல் போர்ச்சுகல் மக்களில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மேற்கு ஐரோப்பாவிலேயே மிக மோசமான நிலை அது. சலசாரின் சர்வாதிகார அரசு அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவும் இல்லை. நூலகங்கள் இருந்தன, ஆனால் பெரும்பாலும் பெரிய ஊர்களில், பழைய சுவடிகளையும் ஆவணங்களையும் பூட்டிக் காக்கும் இடங்களாக. விவசாயக் கூலியின் மகள் ஒரு கதைப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க வழியே கிடையாது.

இந்த நாட்டில்தான் 1958இல் சித்ரோயன் வேன்கள் கிராமம் கிராமமாகப் புறப்பட்டன. வண்டிக்குள் இரு பக்கமும் புத்தகத் தட்டுகள். கீழ்த்தட்டில் சிறுவர் புத்தகங்கள், அவர்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில். அதற்கு மேல் நாவல், பயணம், வாழ்க்கை வரலாறு. உச்சியில் கவிதை, தத்துவம், அறிவியல், தொழில்நுட்பம். யார் வேண்டுமானாலும் தாங்களே புரட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். கட்டணம் இல்லை. வண்டி அடுத்த முறை வரும்போது திருப்பிக் கொடுத்தால் போதும்.

வண்டிகளை அனுப்பியது கல்வி அமைச்சகம் அல்ல. லிஸ்பனில் ஓர் ஓட்டலில் 13 ஆண்டுகள் தங்கியிருந்து 1955இல் காலமான ஆர்மீனிய எண்ணெய் வணிகர் ஒருவரின் சொத்து அனுப்பியது. அவர் பெயர் கலூஸ்த் சர்கிஸ் குல்பென்கியன். அவர் உயிலிலிருந்து பிறந்த அறக்கட்டளை இன்று ஐரோப்பாவின் பெரிய தனியார் அறக்கட்டளைகளில் ஒன்று. 300 கோடி யூரோவுக்கும் மேற்பட்ட சொத்து அதனிடம் உள்ளது.

அறக்கட்டளைகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே எவ்வளவு கொடுத்தார்கள் என்பதில்தான் நம் கவனம் போகிறது. குல்பென்கியன் அறக்கட்டளையின் எழுபது ஆண்டு வரலாற்றைப் பார்க்கும்போது எனக்கு முக்கியமாகப் படுவது வேறு மூன்று முடிவுகள்: எந்த வேலையைத் தானே எடுத்துச் செய்வது, எந்த வேலைக்குப் பிறரிடம் பணத்தைக் கொடுத்து நம்புவது, எப்போது கையை எடுத்துக்கொள்வது. கல்விக்கும் கலைக்கும் தனியார் பணம் நன்மை செய்கிறதா, வெறும் பெயர்ப்பலகையாக நின்றுவிடுகிறதா என்பது இந்த மூன்றில் தெரிந்துவிடும்.

ஐந்து சதவீதம்

குல்பென்கியன் 1869இல் கான்ஸ்தாந்திநோபிளின் (இன்றைய இஸ்தான்புல்) ஆசியக் கரையில் உள்ள ஊஸ்குதாரில் பிறந்தார். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பொறியியல் படித்தார். பாகூவின் எண்ணெய் வயல்களை நேரில் போய்ப் பார்த்து எழுதினார். 1896இல் ஒட்டோமான் தலைநகரில் ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டபோது குடும்பத்தோடு தப்பி வெளியேறினார். 1902இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றார். எண்ணெய்க் கிணறு தோண்டுவது அவர் தொழில் அல்ல. அரசுகளுக்கும் எண்ணெய் நிறுவனங்களுக்கும் நடுவே உட்கார்ந்து பேசி, எல்லோரையும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைப்பதே தொழில்.

அப்படிப் பேசி முடித்ததில் பெரியது மெசபடோமிய எண்ணெய். 1927இல் கிர்குக் அருகே எண்ணெய் பீறிட்டது. அடுத்த ஆண்டு கையெழுத்தான ஒப்பந்தத்தில் பிரிட்டிஷ், டச்சு-பிரிட்டிஷ், பிரெஞ்சு, அமெரிக்கத் தரப்புகள் நான்கும் தலா 23.75 சதவீதம் எடுத்துக்கொண்டன. மீதி 5 சதவீதம் குல்பென்கியன் என்ற தனி மனிதருக்கு. 'ஐந்து சதவீதக்காரர்' என்ற பட்டப்பெயர் அவருக்கு நிலைத்தது. ஈராக்கின் எண்ணெயில் ஈராக் மக்களைக் கேட்காமல் பிரித்துக்கொண்ட பங்கு அது என்பதை இந்தக் கதையைச் சொல்லும் எவரும் மறைக்கக் கூடாது. இதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

சம்பாதித்ததில் பெரும்பகுதியைக் கலைப்பொருள்களில் போட்டார். எகிப்தியச் சிற்பம், கிரேக்க நாணயம், இஸ்லாமியக் கையெழுத்துப் பிரதிகள், பாரசீகக் கம்பளம், ஐரோப்பிய ஓவியம், நண்பர் லாலிக் செய்த நகைகள் என்று சுமார் 6,000 பொருள்கள். அந்நியச் செலாவணி கிடைக்காமல் தவித்த சோவியத் அரசு 1928 முதல் 1930 வரை ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தின் பொக்கிஷங்களை ரகசியமாக விற்றபோது ரெம்பிராண்ட், ரூபன்ஸ் ஓவியங்களையும் ஊதோனின் டயானா சிலையையும் வாங்கியவர் இவர்.

இந்தச் சேகரிப்பு யாருக்குப் போகும் என்பதில் லண்டன் தேசியக் கலைக்கூடமும் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடமும் ஆசையோடு காத்திருந்தன. இரண்டிலும் அவர் ஓவியங்கள் இரவலாகத் தொங்கின. ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியோடு ஒத்துப்போன பிரான்சின் விஷி அரசு இருந்த இடத்தில் ஈரான் தூதரகத்தின் ஆலோசகராகத் தங்கிவிட்டதால், பிரிட்டன் அவரைச் சட்டப்படி 'எதிரி' என்று அறிவித்து எண்ணெய்ப் பங்கையும் முடக்கியது. பங்கு பிறகு திரும்பக் கிடைத்தது, மனக்காயம் ஆறவில்லை. 1942 ஏப்ரலில் நடுநிலை நாடான போர்ச்சுகலுக்கு வந்தார். அமைதியும் வரிச் சலுகையும் பிடித்துப்போயின. 1953இல் எழுதிய உயிலில், தன் பெயரில் லிஸ்பனைத் தலைமையிடமாகக் கொண்ட அறக்கட்டளை அமைய வேண்டும் என்று எழுதிவைத்தார்.

அவர் காலமானதும் அறங்காவலர்களுக்குள் இழுபறி தொடங்கியது. தலைவராக அவர் நினைத்திருந்தவர் ரேட்கிளிஃப் பிரபு. ஆம், 1947இல் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே கோடு கிழித்த அதே சிரில் ரேட்கிளிஃப். அறக்கட்டளை பல நாட்டவர் நடத்தும் உலக அமைப்பாக இருக்க வேண்டும் என்றார் அவர். நிர்வாகக் குழுவில் போர்ச்சுகீசியரே பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்றது லிஸ்பன். ரேட்கிளிஃப் விலகிக்கொண்டார். குல்பென்கியனின் லிஸ்பன் வழக்கறிஞர் அசெரேடோ பெர்டிகாவ் தலைவரானார். 1956 ஜூலையில் அறக்கட்டளையின் சட்ட விதிகளுக்கு ஒப்புதல் கிடைத்தது. பெர்டிகாவ் 1993இல் இறக்கும்வரை, 37 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார்.

மூலதனத்தைத் தொடாத கணக்கு

விதிகள் சொல்லும் நோக்கங்கள் நான்கே: அறம், கலை, கல்வி, அறிவியல். அதற்கு மேல் விவரம் இல்லை. இந்தப் பள்ளிக்கு இவ்வளவு, இந்தக் கோயிலுக்கு இவ்வளவு என்று எழுதிவைக்கும் உயில்கள் இரண்டு தலைமுறைக்குள் காலத்துக்குப் பொருந்தாமல் போய் நீதிமன்றப் படியேறுவதை நாம் பார்த்திருக்கிறோம். குல்பென்கியனின் உயில் துறைகளை மட்டும் சொல்லிவிட்டு வழியைப் பின்னால் வருபவர்களின் பொறுப்பில் விட்டது. பின்னாளில் இந்த அமைப்பு பலமுறை தன்னை மாற்றிக்கொள்ள முடிந்ததற்கு அதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் நிதியின் அமைப்பு. இப்படிப்பட்ட அறக்கட்டளை முதலைச் செலவழிப்பதில்லை. முதலீட்டில் வரும் வருவாயைச் செலவழிக்கிறது. அதிலும் ஒரு பகுதியைத்தான். 100 கோடி முதல், ஆண்டுக்கு 6 சதவீத வருவாய், 3 சதவீத விலைவாசி உயர்வு என்று வைத்துக்கொள்வோம். 6 கோடியையும் கொடுத்துவிட்டால் முப்பது ஆண்டில் அந்த நூறு கோடிக்கு இன்றைய மதிப்பில் பாதிகூட இருக்காது. அதனால் 3 கோடியைச் செலவு செய்து 3 கோடியை முதலோடு சேர்க்க வேண்டும். குல்பென்கியன் அறக்கட்டளை ஆண்டுதோறும் செலவிடுவது ஏறக்குறைய 10 கோடி யூரோ. சொத்தோடு ஒப்பிட்டால் மூன்று சதவீதத்தை ஒட்டித்தான் வரும். அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சதவீதமாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வரிவிலக்கு வாங்கிக்கொண்டு பணத்தைப் பூட்டிவைப்பவர்களைத் தடுக்க வந்த விதி அது.

யாரிடமும் கை நீட்ட வேண்டாம் என்பது இந்த ஏற்பாட்டின் பெரிய பலம். அடுத்த பட்ஜெட்டில் நிதி வருமா, அடுத்த தேர்தலுக்குப் பின் திட்டம் நீடிக்குமா என்ற கவலை இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு வேலையைத் திட்டமிடலாம். நூலக வண்டிகள் ஓடியது 44 ஆண்டுகள்.

வண்டியோடு போன கவிஞர்கள்

வண்டித் திட்டத்தை வகுத்தவர் எழுத்தாளர் பிராங்கின்யோ ட ஃபொன்செகா. கஷ்காய்ஸ் நகர அருங்காட்சியக நூலகத்தின் பொறுப்பாளராக இருந்தபோதே, 1953இல் சிறிய அளவில் புத்தக வண்டி ஒன்றை ஓட்டிப் பார்த்தவர். அறக்கட்டளை புதிதாக ஒன்றைக் கற்பனை செய்யவில்லை. ஒரு கடற்கரை ஊரில் ஏற்கெனவே பலன் தந்திருந்த முயற்சியைக் கண்டுபிடித்து, அதைத் தொடங்கியவரையே அழைத்து, நாடு முழுவதும் செய்யப் பணம் கொடுத்தது. நிபுணர் குழு அமைத்து அறிக்கை வாங்கிக்கொண்டிருந்தால் முதல் வண்டி புறப்பட இன்னும் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

வண்டியில் ஓட்டுநரோடு ஒரு நூலகப் பொறுப்பாளரும் போவார். அந்த வேலையில் சேர்ந்தவர்களில் கவிஞர்கள் பலர். இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய போர்ச்சுகீசியக் கவிஞர்களில் ஒருவரான எர்பெர்டோ எல்டெர் அந்தத் தொடக்க ஆண்டுகளில் வண்டியோடு ஊர் ஊராகச் சுற்றினார். சர்ரியலிசக் கவிஞர் அந்தோனியோ ஜோசே ஃபோர்த்தேவுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் அதுவே பிழைப்பு. கல்விக்கான திட்டம் ஒன்று, சத்தமில்லாமல் இலக்கியத்துக்கான நல்கையாகவும் இருந்தது. ஆட்சியை வெறுத்த எழுத்தாளனுக்கு அரசு வேலை கிடைக்காத காலத்தில், மாதச் சம்பளமும் புத்தகங்களுக்கு நடுவே வேலையும் தருகிற இடம் எவ்வளவு பெரிய விஷயம் என்று எழுதுகிறவர்களுக்குப் புரியும்.

ஊருக்குள் என்ன நடந்திருக்கும் என்பதையும் யோசித்துப் பார்க்க வேண்டும். சதுக்கத்தில் வண்டி நிற்கிறது. பள்ளிக்கூடத்தை நான்காம் வகுப்போடு நிறுத்திய பையன் கீழ்த்தட்டில் தொடங்கி, சில ஆண்டுகளில் மேல்தட்டுக்குக் கையை நீட்டுகிறான். எந்தப் புத்தகம் உனக்கு ஏற்றது என்று சொல்லும் மேசை நடுவில் இல்லை. மூடிய அலமாரியிலிருந்து சீட்டு எழுதிக் கேட்டு வாங்கும் வழக்கமே நிலவிய நாட்டில், தட்டுகளை எல்லோருக்கும் திறந்துவிட்டதே பெரிய மாற்றம். இன்று அறுபதைத் தாண்டிய போர்ச்சுகீசிய எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் தங்கள் முதல் புத்தகம் அந்த வேனிலிருந்து வந்தது என்று சொல்வது அங்கே சாதாரணம்.

1974 ஏப்ரலில் சர்வாதிகாரம் வீழ்ந்தது. 1987இல் அரசே நகராட்சிகளோடு சேர்ந்து பொது நூலக வலையமைப்பை உருவாக்கத் தொடங்கியது. ஊருக்கு ஊர் நிலையான நூலகம் வந்தபின் வண்டிக்குத் தேவை குறைந்தது. 2002இல் அறக்கட்டளை திட்டத்தை முடித்துக்கொண்டது. வருத்தப்பட்டவர்கள் இருந்தார்கள், தனிமைப்பட்ட சில கிராமங்களுக்கு அது நிஜமான இழப்பு. ஆனாலும் அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். பொது நூலகம் குடிமகனின் உரிமை. அதைத் தருவது அரசின் கடமை. அந்தக் கடமையை அரசு ஏற்கும்வரை தாங்கிப் பிடித்துவிட்டு விலகியதில்தான் அறக்கட்டளையின் வெற்றி இருக்கிறது.

உதவித்தொகையும் மலிவுப் புத்தகமும்

கல்விப் பணியின் மற்ற பகுதிகள் வண்டியைப் போலக் கண்ணில் படுவதில்லை. பல்கலைக்கழக மாணவர்களுக்கான பாடநூல்களையும், தத்துவ, வரலாற்று மூலநூல்களின் மொழிபெயர்ப்புகளையும் அறக்கட்டளை தானே பதிப்பித்துக் குறைந்த விலையில் விற்கிறது. காண்ட்டும் அரிஸ்டாட்டிலும் அகஸ்டினும் ஒழுங்கான போர்ச்சுகீசியத்தில் கிடைப்பதற்கு வணிகப் பதிப்பகம் எதுவும் பல ஆண்டு உழைப்புக்கான மொழிபெயர்ப்புக் கூலியைக் கொடுக்காது. சந்தைக்கும் கட்டுப்படியாகாது, அரசுக்கும் அக்கறை இல்லை என்கிற இப்படிப்பட்ட இடுக்குகளில்தான் அறக்கட்டளைப் பணத்துக்கு மிக அதிகப் பயன் என்பது என் கருத்து.

உதவித்தொகை இன்னொரு வழி. தணிக்கையால் மூச்சுமுட்டிய நாட்டிலிருந்து ஓவியர்களும் இசைக்கலைஞர்களும் பாரிசுக்கும் லண்டனுக்கும் போய்ப் படிக்க இந்தத் தொகை வழிசெய்தது. 1950களின் இறுதியில் பாரிசில் கூடிப் பணிபுரிந்த லூர்தெஸ் காஸ்த்ரு, ரெனே பெர்த்தோலோ போன்ற இளம் போர்ச்சுகீசிய ஓவியர்கள் இந்த ஆதரவில் வளர்ந்தவர்கள். பவுலா ரெகோவுக்கு 1960களின் தொடக்கத்தில் உதவித்தொகை கிடைத்தது. 1970களின் நடுவில் மறுபடியும் கிடைத்தது. இந்த முறை ஓவியம் வரைவதற்கு அல்ல, நாட்டார் கதைகளையும் தேவதைக் கதைகளையும் அவற்றின் பழைய படங்களையும் நூலகத்தில் உட்கார்ந்து படிப்பதற்கு. பிற்காலத்தில் அவரை உலகம் அறிந்த ஓவியராக்கிய படங்களில் அந்தக் கதைகளின் பெண்களும் விலங்குகளும்தான் நிறைந்திருக்கிறார்கள். நடுவயதில் கைக்குப் பணமும் நேரமும் கிடைத்து, உடனே எதையும் காட்ட வேண்டாம் என்று விடப்படுவது கலைஞருக்கு எவ்வளவு அரிது! மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை கேட்கும் நல்கைகளை வடிவமைப்பவர்கள் ரெகோவின் கதையை ஒருமுறை படிக்க வேண்டும்.

தானே நடத்துவதா, கொடுத்துவிடுவதா?

கலையில் அறக்கட்டளை வேறு பாதை எடுத்தது. இசைப் பிரிவின் தலைவராக வந்தவர் மதலேனா பெர்டிகாவ். கணிதமும் பியானோவும் கற்றவர். 1962இல் ஒரு சிறிய அறை இசைக்குழு. அது பின்னாளில் முழு இசைக்குழுவாக வளர்ந்தது. 1964இல் பாடகர் குழு. 1965இல் பாலே குழு. மூன்றிலும் கலைஞர்களுக்கு மாதச் சம்பளம். 1969இல் லிஸ்பன் நடுவே அருங்காட்சியகமும், ஏறக்குறைய 1,200 பேர் அமரும் அரங்கமும், சுற்றிலும் பெரிய தோட்டமும் திறக்கப்பட்டன. அரங்க மேடையின் பின்சுவர் முழுதும் கண்ணாடி. திரையை விலக்கினால் இசைக்குழுவுக்குப் பின்னால் குளமும் மரங்களும் தெரியும். அந்தோனியோ பாரெட்டோவும் ரிபெய்ரோ தெல்லெஸும் அமைத்த அந்தத் தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. டிக்கெட் வாங்க முடியாதவர்களும் மாணவர்களும் மதியச் சாப்பாட்டைப் பிரித்து உட்காரும் இடம் அது. உள்ளே இருக்கும் ரெம்பிராண்டை விட அந்தப் புல்வெளியால் பயன்பெறுபவர்கள் அதிகம்.

அமைச்சகம் செய்ய வேண்டியதை அறக்கட்டளை செய்ததால், அதையே நாட்டின் கலாச்சார அமைச்சகம் என்று மக்கள் சொல்லத் தொடங்கினார்கள். அந்தப் பெருமைக்குள் ஆபத்தும் இருந்தது. சர்வாதிகாரத்தின் கீழ் இயங்கும் தனியார் அமைப்பு எவ்வளவு தூரம் போகலாம்? 1968 ஜூன் 6 அன்று அதற்கு விடை தெரிந்தது. குல்பென்கியன் இசை விழாவுக்காக மோரிஸ் பெஜாரின் நடனக் குழு லிஸ்பனில் ஆடியது. அன்றுதான் ராபர்ட் கென்னடி சுடப்பட்டு இறந்த செய்தி வந்திருந்தது. நிகழ்ச்சி முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் பெஜார் மேடைக்கு வந்து, வன்முறைக்கும் பாசிசத்துக்கும் பலியானவர் அவர் என்று சொல்லி, எல்லா வகைச் சர்வாதிகாரத்துக்கும் எதிராக ஒரு நிமிடம் மௌனம் காக்கும்படி கேட்டார். அரங்கம் எழுந்து நின்றது. அரசியல் போலீசார் பெஜாரை ஸ்பெயின் எல்லைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். மீதி நிகழ்ச்சிகள் ரத்தாயின.

அறக்கட்டளை அரசை எதிர்த்துப் போராடிய அமைப்பு என்று சொல்லிவிட முடியாது. அதன் விதிகளே சலசார் அரசின் ஒப்புதலோடு வந்தவை. அதன் தலைமை ஆட்சியாளர்களோடு பேசிப் பழகித்தான் காரியம் செய்தது. ஆனால் அது அழைத்துவந்த கலைஞர்கள், அனுப்பிவைத்த மாணவர்கள், வண்டியில் ஏற்றிய புத்தகங்கள் ஆகியவற்றால் நாட்டுக்குள் ஒரு ஜன்னல் திறந்தே இருந்தது. எனக்கு இதில் இரண்டு மனம் உண்டு. சமரசம் செய்யாமல் இருந்திருந்தால் வண்டிகள் ஓடியிருக்காது என்பதும் உண்மை.

மதலேனா பெர்டிகாவ் 1984இல் தொடங்கிய இன்னொரு பிரிவு கல்வியையும் கலையையும் ஒரே இடத்தில் சேர்த்தது. முந்தைய ஆண்டு திறந்திருந்த நவீன கலை மையத்தில், புதிய நடனம், நாடகம், நிகழ்த்துகலை ஆகியவற்றோடு குழந்தைகள் வந்து செய்து பார்த்துக் கற்கும் கலைக்கூடத்தையும் வைத்தார். அங்கே புதிய நடனத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் அடுத்த பத்தாண்டில் போர்ச்சுகீசிய நடனத்தை ஐரோப்பா கவனிக்க வைத்தது.

அந்தப் புதிய நடனக் குழுக்கள் நிறைய வந்தபின், அறக்கட்டளை தன் சொந்தப் பாலே குழுவை 2005இல் கலைத்தது. நடனக் கலைஞர்கள் எதிர்த்தார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. நாற்பது ஆண்டு மரபை ஒரு நிர்வாகக் குழுவின் தீர்மானம் முடித்துவைத்தது. நூலக வண்டியை நிறுத்தியதையும் இதையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை. வண்டியின் இடத்தை அரசின் நூலகம் நிரப்பியது. பாலே குழுவின் இடத்தில் அதே அளவு நிலையான சம்பளத்தோடு வேறெதுவும் வரவில்லை. சுதந்திரக் குழுக்களுக்குத் திட்டம் திட்டமாகக் கிடைக்கும் நல்கையில் வாடகை கட்டலாம்; ஓர் ஆட்டக்காரரின் உடலை இருபது ஆண்டுகள் பேண முடியாது.

கட்டடம் இல்லாமல் செய்த வேலை

லண்டனில் 1956 முதலே ஒரு கிளை உண்டு. அங்கே அரசு வலுவானது, கலை மன்றம் இருக்கிறது, நூலகங்கள் நிறைந்திருக்கின்றன. அதனால் கிளை கட்டடம் கட்டுவதில் அதிகம் இறங்கவில்லை. ஆய்வறிக்கைகளையும் சோதனை முயற்சிகளையும் தேர்ந்தெடுத்தது. 1982இல் அது வெளியிட்ட, பள்ளிகளில் கலைக்கல்வி பற்றிய அறிக்கை இதற்கு நல்ல உதாரணம். பின்னாளில் படைப்பாற்றல் பற்றிய உரைகளால் உலகப் புகழ்பெற்ற கென் ராபின்சன் அதை எழுதியவர்களில் முக்கியமானவர். இசை, நாடகம், ஓவியம் எல்லாம் பாடவேளை மிஞ்சினால் நடத்துபவை அல்ல, கணிதம்போல அடிப்படைக் கல்வியின் பகுதி என்று அது வாதிட்டது. அரசு பள்ளிச் செலவைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம் அது. தங்கள் வகுப்பைக் காப்பாற்றிக்கொள்ள இசை ஆசிரியர்களுக்கும் நாடக ஆசிரியர்களுக்கும் கையில் பிடித்துக் காட்ட ஒரு ஆவணம் கிடைத்தது. ஓர் அரங்கம் கட்டும் செலவில் சிறு துளிதான் ஆகியிருக்கும்.

மற்றொரு பிரிவு ஆர்மீனியச் சமூகங்களுக்கானது. குல்பென்கியனே உயிரோடு இருந்தபோது ஜெருசலேமின் ஆர்மீனிய மடத்தில் நூலகமும் லண்டனில் தேவாலயமும் கட்டித் தந்தவர். அறக்கட்டளை நீண்ட காலம் லெபனான், சிரியா போன்ற இடங்களில் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் தேவாலயங்களுக்கும் கொடுத்துவந்தது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கவனம் மொழியின் பக்கம் திரும்பியிருக்கிறது. 1915இல் ஒட்டோமான் பேரரசில் தொடங்கிய ஆர்மீனிய இனப்படுகொலைக்குப் பின் உலகெங்கும் சிதறியவர்கள் பேசும் மேற்கு ஆர்மீனியம், யுனெஸ்கோவின் அழியும் மொழிகள் பட்டியலில் இருக்கிறது. எந்த நாட்டிலும் அது ஆட்சிமொழி இல்லை. ஆசிரியர் பயிற்சி, சிறுவர் நூல்கள், இணையக் கருவிகள், மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்கு இப்போது பணம் போகிறது. உலகின் முதல் ஆர்மீனிய இதழ் 1794இல் சென்னையில் அச்சானது. பாரிமுனை அரண்மனைக்காரத் தெருவில் அவர்கள் தேவாலயம் இன்றும் இருக்கிறது, சமூகம்தான் இல்லை. சொந்த அரசின் துணை இல்லாத மொழிக்கு இப்படி ஒரு நிதி எவ்வளவு அவசியம் என்பதற்கு அந்தத் தெருவே சாட்சி.

பணம் வந்த வழி

ஈராக் எண்ணெய்க்கு வருவோம். பணம் எங்கிருந்து வந்ததோ அங்கும் செலவாக வேண்டும் என்ற கேள்வியை அறக்கட்டளையால் தவிர்க்க முடியவில்லை. 1960களில் பாக்தாதில் நவீன கலைக்கான அருங்காட்சியகக் கட்டடத்துக்கும், 1966இல் திறக்கப்பட்ட அல்-ஷாப் விளையாட்டரங்கத்துக்கும் அது பணம் கொடுத்தது. அரங்கத் திறப்பு ஆட்டத்துக்கு லிஸ்பனின் பென்ஃபிகா கால்பந்து அணி போய் ஆடியது. கொடுத்தது நல்லதுதான், எடுத்ததோடு ஒப்பிட்டால் சிறியது. 1972இல் ஈராக் தன் எண்ணெயைத் தேசியமயமாக்கியது.

அதற்குப் பின்னும் ஓமன், அபுதாபி எண்ணெயில் அறக்கட்டளையின் நிறுவனமான பார்டெக்ஸுக்குப் பங்கு இருந்தது. காலநிலை மாற்றத்துக்கு எதிரான பணிகளுக்கு ஒரு கையால் நல்கை கொடுத்துக்கொண்டு மறு கையால் எண்ணெய் விற்பது பொருந்தவில்லை என்று ஒருவழியாக முடிவுக்கு வந்தார்கள். சீன நிறுவனம் ஒன்றுக்கு விற்கும் முயற்சி 2018இல் முறிந்தது. 2019இல் தாய்லாந்தின் அரசு சார் நிறுவனமான பிடிடிஇபி சுமார் 62 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. அப்போது எண்ணெயின் பங்கு மொத்த முதலீட்டில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. எண்ணெய் பூமிக்குள் தங்கிவிடவில்லை, உரிமையாளர்தான் மாறினார் என்று விமர்சித்தவர்கள் உண்டு. அதை மறுக்க முடியாது. ஆனாலும் நிறுவனரின் செல்வத்துக்கு மூலமான தொழிலையே கைகழுவும் துணிவு அறக்கட்டளைகளுக்கு எளிதில் வருவதில்லை. ராக்ஃபெல்லர் சகோதரர்களின் நிதியம் 2014இல் அந்த முடிவை அறிவித்தபோது அது உலகச் செய்தியானது.

இவ்வளவு அதிகாரம் உள்ள அமைப்பை யார் கேள்வி கேட்பது? நிர்வாகக் குழுவை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. எந்த ஓவியருக்குப் பணம், எந்த நடனம் வேண்டாம் என்று சிலர் உட்கார்ந்து தீர்மானித்தால் ஒரு நாட்டின் ரசனையே அவர்கள் ரசனையாகிவிடும். போர்ச்சுகலில் பல பத்தாண்டுகள் அப்படித்தான் இருந்தது. ஆண்டுதோறும் கணக்கை வெளியிடுவது, நல்கைகளுக்கு வெளிப்படையாக விண்ணப்பம் கேட்பது, வெளியாட்களைத் தேர்வுக் குழுவில் வைப்பது எல்லாம் ஓரளவுக்கு மருந்து. வரிச் சலுகை என்ற பெயரில் பொதுமக்களும் இதில் பங்கு போட்டிருக்கிறார்கள். கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

அண்மைக் காலத்தில் நம்பிக்கை தருவது, 2013-14 வாக்கில் தொடங்கிய, கலை வழியாகச் சமூகத்தில் ஒதுக்கப்பட்டவர்களை இணைக்கும் திட்டம். இதில் அறக்கட்டளை தானே எதையும் நடத்துவதில்லை. முதியோர், மாற்றுத்திறனாளிகள், புலம்பெயர்ந்தோர், சிறைவாசிகள் ஆகியோரோடு ஏற்கெனவே வேலை செய்யும் சிறு அமைப்புகளுக்குச் சில ஆண்டுகளுக்குப் பணம் கொடுக்கிறது. லெய்ரியா நகரில் ஓர் இசைப்பள்ளி இளைஞர் சிறைக்குள் போய்க் கைதிகளுக்குப் பாடக் கற்றுக்கொடுத்து மோட்சார்ட்டின் ஆப்பராவை மேடையேற்றியது இப்படித்தான். அந்த இளைஞர்கள் லிஸ்பனில் குல்பென்கியன் பேரரங்கிலும் பாடினார்கள். 2020இல் ஸ்பெயினின் பெரிய அறக்கட்டளையான லா காய்ஷாவும் இந்தத் திட்டத்தில் சேர்ந்துகொண்டது. 1958இல் எழுத்தறிவுக்காக வண்டி புறப்பட்டபோது அந்த வேலையை எடுத்துக்கொள்ள அரசு வர 29 ஆண்டுகள் ஆயின. சிறைக்குள் இசை கற்பிக்கும் வேலையைச் சிறைத்துறையும் நகராட்சிகளும் எப்போது தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளும் என்பதுதான் லிஸ்பனில் இப்போது கேட்க வேண்டிய கேள்வி.